நீல வாளி நகர்த்தப்பட்ட விவரம்

அன்புள்ள அண்ணனுக்கு,

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு நம் வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. ஹாலின் மூலையில் இருந்த நீல வாளியை எடுத்து, படுக்கையறைக் கட்டிலின் தலைமாட்டில் வைப்பது என்பதே அந்த முடிவு. கூட்டத்துக்கு அண்ணி தலைமை வகித்தார். நான் முன்மொழிந்தேன். உங்கள் மகன் செந்தில் சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் வழிமொழிந்தான். நடுவில் இரண்டு முறை அவன் உருவம் அப்படியே நின்றுபோனது. வாய் திறந்த நிலையில் நின்றதால் அதை ஆதரவாகவே எடுத்துக்கொண்டோம். விவாதம் நாற்பது நிமிடம் நடந்தது. வாளி நகர்ந்த தூரம் பதினெட்டு அடி.

இதை உங்களுக்கு எழுதித்தான் ஆக வேண்டுமா என்று கேட்பீர்கள். உங்கள் சங்கத்து மாத இதழில் முதலாம் ஆண்டு நினைவுக்காக இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். "அண்ணனோட நல்ல கொணத்தையெல்லாம் எழுதுங்கக்கா" என்று ராமசாமி வந்து கேட்டார். உங்களோடு முப்பது வருடம் ஒரே டிப்போவில் கண்டக்டராக இருந்தவர். உங்கள் நல்ல குணம் அவருக்கே தெரியும், இதழைப் படிப்பவர்களுக்கும் தெரியும். மேல்தளத்தின் நிலைமை யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆகவே அதை எழுதுகிறேன்.

உண்மையைச் சொன்னால், எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணே. பயத்தை யாரிடம் சொல்வது என்று யோசித்ததில், வீட்டைக் கட்டியவரிடம் சொல்வதுதான் முறை என்று பட்டது.

முதலில் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை நிலைப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். காற்றுக்காக அல்ல. நிலைக்கு மேல் தனியாக ஒரு காங்கிரீட் சட்டம் ஓடுகிறது, தளமே வந்தாலும் அது வராது என்று செந்தில் சொன்னான். அவன் படித்தது கணினி. இருந்தாலும் நான் பத்து நாளாக நிலைப்படியில்தான் காப்பி குடிக்கிறேன், கீரை ஆய்கிறேன், செய்தித்தாள் படிக்கிறேன். நாற்பது வருடம் நூலகத்தில் வேலை பார்த்தவள், படிக்கும்போது மேலே பார்த்துக்கொண்டே படிக்க இப்போதுதான் பழகுகிறேன்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் தளம் போட்ட மறுவாரம், கொத்தனார் சுப்பையா மேலே தட்டோடு, அதாவது சதுரச் சுட்ட ஓடு, பதித்துவிடலாம் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அப்போது அவருக்கு மீசை கறுப்பு. குன்றாண்டார்கோவில்காரர். "எங்க ஊருக் கோயிலப் பாருங்கண்ணே, ஒரே கல்லு. ஒழுகுதா? நம்ம தளத்துக்கு ஓடுதான் கல்லு" என்றார். பதினோராயிரம் ஆகும் என்றார். நீங்கள் டிக்கெட் கிழிக்கிற அதே நிதானத்தோடு, "அடுத்த வருசம் பாத்துக்கலாம்ப்பா, வண்டி எங்க போயிரப்போகுது" என்றீர்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். மொட்டைமாடியில் யார் நடக்கப் போகிறார்கள் என்று நானும் சொன்னேன். அந்த அடுத்த வருடம் இன்னும் வரவில்லை.

போன கார்த்திகையில் நீங்கள் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குப் படுத்தீர்கள். நாலு மணிக்கு டீக்கு எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்தது பாதி உங்களுக்குத் தெரியாது.

பேனர் வைத்தார்கள், அண்ணே. ஒன்றிரண்டு அல்ல, பதினேழு. டிப்போ வாசலில் மூன்று, நம் தெரு முனையில் இரண்டு, குளத்தூர் கடைவீதியில் நாலு, மீதி வழி நெடுக. எல்லாவற்றிலும் ஒரே படம். செந்தில் கல்யாணத்தில் எடுத்தது. உயிரோடு இருந்தவரை நீங்கள் ஒரு நாளும் கோட்டு போட்டதில்லை. ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் கறுப்புக் கோட்டு மாட்டி, சிவப்பு டையும் கட்டி, பின்னால் ஒரு பனிமலையை நிறுத்திவிட்டார். 'இமயம் சரிந்தது' என்று மேலே எழுதியிருந்தது. கைகூப்பியிருந்தீர்கள். சுருக்கமாகச் சொன்னால், சில்லறை இல்லையென்று யாரையும் இறக்கிவிட்டறியாத மனிதர் மாதிரி இருந்தீர்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ராமசாமி ஆட்களோடு போய் எல்லாவற்றையும் அவிழ்த்துக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். "அண்ணன் மொகம் போட்டது. தெருவுல கெடந்து மாடு மிதிக்கவா?" என்றார். நியாயம்தான். பழைய ஃப்ளெக்ஸை ஊரில் கோழிக்கூண்டுக்குக் கட்டுவார்கள், வைக்கோல் போருக்குப் போர்த்துவார்கள். உங்களை எப்படிக் கோழிக்கூண்டுக்குக் கட்டுவது? மடித்து வைக்கலாம் என்றேன். மடித்தால் முகத்தின் நடுவில் மடிப்பு விழும் என்று அண்ணி மறுத்துவிட்டார். சுருட்டி, பரணில் ஏற்றினோம். பரணுக்கு நீங்கள் அடங்கவில்லை. காலடிகள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. அதாவது பனிமலையின் அடிவாரம்.

சித்திரையில் ஒரு கோடை மழை. மறுநாள் காலையில் உங்கள் கட்டிலுக்கு மேலே கூரையில் ஒரு கறை. ஒரு ரூபாய் அகலம். ஆனியில் அது இட்லி ஆனது. ஆடியில் தோசை. சுப்பையாவை வரச் சொன்னேன். மீசை முழுக்க வெள்ளை இப்போது. மேலே ஏறிப் பார்த்தார், கீழே வந்து பார்த்தார், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"தளம் நாலு எடத்துல வெடிச்சிருக்குக்கா. இப்பவே கொத்தி விட்டு ஓடு பதிச்சிட்டம்னா அறுபதாயிரத்துல முடிஞ்சிரும். ஐப்பசி மழை எறங்கிருச்சுன்னா நான் சொல்ற கணக்கு வேற."

அண்ணி உங்கள் படத்துக்கு முன்னால் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"வருசம் திரும்பட்டும்."

"மதினி, மழை வருசத்துக்காகக் காத்துக்கிருக்குமா?" என்றார் சுப்பையா.

"அவுக போயி ஒம்போது மாசங்கூட முழுசா ஆகல. அதுக்குள்ள தலைக்கு மேல கடப்பாறையப் போடச் சொல்றியா? ஊரு என்ன சொல்லும்? நல்லது கெட்டதுக்கே நாங்க போறதில்ல. வீட்ட இடிச்சுக் கட்டுறாளாம்ல, புருசன் செத்த கையோடன்னு சொல்லாதா?"

சுப்பையா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். துக்க வருடம் முடியும் முன் வீட்டில் கட்டட வேலை தொடங்குவதில்லை என்பது நம் வழக்கம். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதற்கு எதிராக ஒரு நல்ல வாதம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அண்ணியிடம் எடுத்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

"அப்ப எதாச்சும் போட்டு மூடியாவது வைங்க. தார்ப்பாய் மாதிரி" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்தார்.

தார்ப்பாய் மாதிரி என்றால் வீட்டில் இருந்தது நீங்கள்தான்.

யோசனை யாருடையது என்று கேட்டால் நான், அண்ணி, ராமசாமி மூவரும் மற்ற இருவரைக் காட்டுகிறோம். ராமசாமியின் ஆட்கள் வந்து பதினேழு பேனரையும் மொட்டைமாடியில் விரித்தார்கள். படம் கீழ்ப்பக்கமாக இருந்தால் தண்ணீர் வழுக்கி ஓடும் என்று ஒருவர் சொன்னார். "அவுகளக் குப்புறப் போடுவீங்களா?" என்று அண்ணி கேட்டதும் அவர் வாயை மூடிக்கொண்டார். ஆகவே நிமிர்த்தி விரித்தோம். மூலைக்கு ஒரு செங்கல் வைத்தோம், முகத்தின்மேல் எதுவும் வைக்கவில்லை. அன்று சாயங்காலம் மேலே போய்ப் பார்த்தேன். பதினேழு அண்ணன்கள் கைகூப்பி வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தீர்கள். திருச்சிக்கு இறங்குகிற விமானம் நம் வீட்டுக்கு மேலேதான் திரும்பும். "அடுத்த தடவ வரும்போது ஜன்னல் சீட்டு போடுறேன் அத்தை" என்றான் செந்தில். கேலியா, அழுகையா என்று போனில் தெரியவில்லை.

ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. முதல் நாள் ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. அண்ணிக்குப் பெருமை. "போயும் அவுகதான் காப்பாத்துறாக, பாத்தியா" என்றார். இரண்டாம் நாளும் சொட்டு இல்லை. ஆனால் மாடியிலிருந்து தண்ணீர் இறங்குகிற குழாயில் சத்தம் நின்றுபோயிருந்தது. அதை நான் கவனிக்கவில்லை. ஒரு சத்தம் இல்லாமல் போனதற்குப் பயப்பட வேண்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மூன்றாம் நாள் காலை ஹாலில், படுக்கையறையில், சமையலறைச் சுவரில், ஒரே நேரத்தில் நாலு இடத்தில் ஊற்றியது. நீல வாளி, எவர்சில்வர் அண்டா, இரண்டு குடம், நீங்கள் ஷேவிங் பண்ணும் மக்கு எல்லாம் பணியில் இறங்கின. சுப்பையா மழையோடு வந்தார். மாடிப்படியின் கடைசிப் படி வரை ஏறியவர் அப்படியே நின்றார். காற்றில் ஒரு பேனர் நகர்ந்து போய்த் தண்ணீர் வடிகிற ஓட்டையை இறுக்க அடைத்திருந்தது. கைப்பிடிச் சுவருக்குள் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். மாடி முழுக்க ஒரு குளம். குளத்தின் அடியில் நீங்கள்.

"அந்த மூலைக்குப் போயி இழுத்து விட்ருங்க கொத்தனாரே" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றினார். ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய காலை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"எங்கிட்டுக் கால வச்சாலும் அண்ணன் மூஞ்சியாவுல இருக்கு."

"தண்ணிக்குள்ளதான இருக்கு."

"தண்ணிக்குள்ளன்னா மூஞ்சி இல்லைன்னு ஆயிருமாக்கா? இந்த வீட்டு வேலைல எனக்கு முத முதக் கூலி குடுத்தது அவரு."

கீழிருந்து ராமசாமி, "நான் வேணா வாரேன்" என்று குரல் கொடுத்தார். ஏறி வந்தார், பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். "மத்தவங்க யாராச்சும் ஏறுங்கப்பா" என்றார், தெருவைப் பார்த்து. தெரு நம் வீட்டைப் பார்த்தது. சுப்பையா மூங்கில் ஒன்றை வாங்கி வந்து படியில் நின்றபடியே நீட்டிப் பார்த்தார். எட்டவில்லை. கீழே அண்ணி, "என்னத்தையாவது பண்ணுங்க, ஆனா அவுக மேல கால் படாம பண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூரை அதைக் கேட்டுக்கொண்டு ஒழுகியது.

நான் போனேன் அண்ணே.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனேன். முதலில் கோட்டின் மேல் கால் வைத்தேன். அது உங்களுடையது இல்லை, ஸ்டுடியோக்காரருடையது, ஆகவே மனம் கொஞ்சம் ஒத்துழைத்தது. அடுத்து பனிமலை. அதற்கடுத்து இமயம் என்கிற எழுத்து. பிறகு மலையும் இல்லை, கோட்டும் இல்லை. இரண்டு பக்கமும் முகம். ஃப்ளெக்ஸ் வழுக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அறுபத்திரண்டு வயதில் விழுந்தால் இடுப்பு போகும், இடுப்பு போனால் ஆஸ்பத்திரி, அண்ணி தனியாக இந்தக் கூரைக்கு அடியில். இவ்வளவும் ஒரு நொடியில் ஓடியது. உங்கள் கன்னத்தில் கால் வைத்து நின்றேன். நின்று, குனிந்து, ஓட்டையில் செருகியிருந்ததை இழுத்தேன். அது கூப்பிய கை. உள்ளே உறிஞ்சப்பட்டு முறுக்கிக்கொண்டு கிடந்தது. இரண்டு கையாலும் இழுத்தேன். வரவில்லை. ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை, ஆனால் உங்களை 'நீ' என்று சொன்னேன். சின்ன வயதில்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. அதற்குப் பிறகுதான் வந்தது.

தண்ணீர் இறங்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை நான் அதே இடத்தில், மழையில் நின்றேன். மறுபடி அடைத்துக்கொண்டால் மறுபடி மிதிக்க வேண்டும் என்பதால்.

கீழே வந்ததும் அண்ணி எனக்குத் தலை துவட்டிவிட்டார். பேனர்களை என்ன செய்தோம் என்று இன்றுவரை கேட்கவில்லை.

தண்ணீர் இறங்கிவிட்டது, ஆனால் மூன்று நாள் குடித்ததைத் தளம் இன்னும் கக்கிக்கொண்டிருக்கிறது. மழை விட்ட பிறகும் சொட்டுகிறது. சுப்பையா நீளக் கம்பு ஒன்றை எடுத்துக் கூரையை அங்கங்கே தட்டினார். ஹாலில் தட்டியபோது கல்லைத் தட்டுகிற சத்தம். படுக்கையறையில், கட்டிலின் தலைமாட்டுக்கு நேர் மேலே தட்டியபோது காலிப் பெட்டியைத் தட்டுகிற சத்தம். அவர் கம்பை மெல்லக் கீழே இறக்கினார். தூங்குகிற பிள்ளை இருக்கிற அறையில் நடப்பது போல நடந்து வெளியே வந்தார்.

"கம்பி துருப்புடிச்சு ஊதிருச்சு. ஊதுன கம்பி காங்கிரீட்டக் கீழ தள்ளுது. பாக்க ஒட்டிக்கிட்டு இருக்க மாதிரிதான் இருக்கும்."

"எப்ப வரும்?"

"இன்னைக்கும் வரும். பத்து வருசம் நின்னாலும் நிக்கும். அத நம்ப முடியாதுக்கா. மதினிய அங்கிட்டுப் படுக்க விடாதீங்க."

இப்போது கணக்கு ஒரு லட்சத்து எழுபதாயிரம். சுப்பையாவுடையது. திருச்சியிலிருந்து ஒரு கம்பெனிக்காரரையும் செந்தில் வரவழைத்தான். நல்ல பையன், இஸ்திரி போட்ட சட்டை. சுவரில் ஒரு கருவியை வைத்தார், அது கீச்சென்று கத்தியது. வேறு இடத்தில் வைத்தார், அங்கும் கத்தியது. தன் கையிலும் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, "ட்ரீட்மெண்ட் லேட் பண்ணாதீங்கம்மா. இது உள்ளுக்குள்ளயே ஸ்ப்ரெட் ஆகும்" என்றார். உங்களை டாக்டரிடம் காட்டப் போனபோது அவரும் இதே குரலில்தான் பேசினார், நீங்களும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றுதான் சொன்னீர்கள். படிவத்தை நிரப்புவதற்காக, "இந்த ரூம்ல எத்தன பேர் படுக்குறீங்க?" என்று கேட்டார். "ரெண்டு பேரு" என்றார் அண்ணி. நான் ஹாலில் படுக்கிறவள். அவர் எழுதிக்கொண்டார். மொத்தம் மூன்று லட்சத்து எண்பத்தைந்தாயிரம், வரி உட்பட, பத்து வருட உத்தரவாதத்தோடு. அண்ணிக்கு அறுபத்தாறு, எனக்கு அறுபத்திரண்டு. உத்தரவாதம் போதும்.

வயரிங் தனி, இருபத்தெட்டாயிரம். அதைச் சொல்ல மறந்துவிட்டேன். போன வாரம் அண்ணி பீரோவைத் திறக்கப் போய், கை சுவரில் பட்டு, "ஆத்தாடி" என்று பின்னால் வந்தார். சுவர் முழுக்க ஓதம், ஓதத்துக்குள் கரண்டு. எலெக்ட்ரீசியன் வந்து படுக்கையறை லைனை மொத்தமாகத் துண்டித்துவிட்டுப் போனார். ஆகவே அங்கே மின்விசிறி இல்லை, விளக்கு இல்லை, உங்கள் படத்துக்கு முன்னால் எரிகிற அகல் மட்டும்தான். மேலே கூரை, பக்கத்தில் சுவர், நடுவில் அண்ணி. மூன்றில் எதை நம்புவது என்று தெரியாமல் நான் வாசலில்.

அறுபதாயிரத்தில் முடிந்திருக்க வேண்டியது. அதற்கு முன்னால் பதினோராயிரத்தில். இதை உங்கள்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. சும்மா சொல்கிறேன்.

வருடம் திரும்ப இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. அதுவரை கொத்த முடியாது என்றால் சரி. அறையையாவது மாற்றிக்கொள்ளுங்கள் என்று அண்ணியிடம் கெஞ்சினேன். தினம் மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் அந்தக் கட்டிலில்தான் படுப்பார், உங்கள் தலையணையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, நாலு மணி வரை. தூங்குவதில்லை. நாலு மணிக்கு எழுந்து டீ போடுகிறார். இரண்டு டம்ளர். ஒன்று எனக்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

"விழுந்தா விழட்டும் வசந்தா. அவுக போன எடத்துலயே போறேன். எனக்கென்ன, பேரன் பேத்தி கல்யாணமா பாக்கப் போறேன்?"

"பாக்கத்தான் போறீங்க. கூரை உங்க தலைல விழுந்தா பதில் சொல்லப்போறது நான் அண்ணி."

"யாருக்குப் பதில் சொல்லப்போற? கேக்குறதுக்கு அவுகளா இருக்காக?"

இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை நான் அந்த அறையின் நிலைப்படியில் உட்கார்ந்திருப்பேன். கையில் புத்தகம் இருக்கும். கண் கூரையில் இருக்கும். மணல் மாதிரி ஏதோ உதிர்ந்தால் எழுந்துவிடுவேன். எழுந்து என்ன செய்வேன் என்று தெரியாது. ஓடிப்போய் இழுப்பேனா, கத்துவேனா, நானும் போய்ப் பக்கத்தில் நிற்பேனா? பத்து நாள் தினமும் இரண்டு மணி நேரம் இதையே யோசித்தேன். அண்ணி கண்ணை மூடியபடியே, "ஏந்திரிச்சுப் போயி வேலையப் பாரு. நீ பாத்துக்கிட்டே இருந்தா அதுக்குக் கூச்சமா இருக்காது?" என்பார்.

இப்போது ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை சாயங்காலம் அண்ணி கடைக்குப் போயிருந்தார். நான் படுக்கையறைக்குள் போனேன். சொட்டு விழுந்துகொண்டிருந்தது பீரோ பக்கத்தில். கட்டிலில் அல்ல. உங்கள் தலையணை காய்ந்து, சுத்தமாக, உறை மாற்றிக் கிடந்தது. நான் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து அதன்மேல் தெளித்தேன். முழுச் செம்பும் இல்லை, முக்கால். பிறகு மெத்தையிலும் கொஞ்சம். பிறகு செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிலைப்படிக்கு வந்துவிட்டேன்.

அண்ணி வந்து பார்த்தார். தன் தலைக்கு மேலே இருக்கிறதைப் பற்றி ஆறு மாதமாகக் கவலைப்படாதவர், அந்தத் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அவுகளுக்கு ஈரம் ஆகாதே. சளி புடிச்சுக்குமே" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லிவிடலாம் போல இருந்தது. சொல்லவில்லை. மறுநாள் காலை கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தேன்.

என் தீர்மானம் எளிமையானது. சொட்டு இப்போது கட்டிலுக்கு வந்துவிட்டது. ஆகவே வாளி தலைமாட்டில் இருக்க வேண்டும். வாளி இருந்தால் தலையணைக்கு இடம் இல்லை. ஆகவே தலையணை ஹாலுக்கு வரட்டும், என் படுக்கைக்குப் பக்கத்தில். தலையணை போகும் இடத்துக்கு அண்ணி போவார் என்று நான் தீர்மானத்தில் எழுதவில்லை. விளக்கு என்ன ஆவது என்று அண்ணி கேட்டார். விளக்கு அங்கேயே எரியட்டும், எண்ணெய் விட மட்டும் நான் போகிறேன் என்றேன். "நீ போனா உம்மேல விழாதா?" என்றார். முதல் தடவையாக அது விழும் என்று அவர் வாயால் கேட்டேன். "அம்மா, ஒத்துக்கங்கம்மா" என்றான் செந்தில், வாய் திறந்தபடி நின்றுபோவதற்கு முன்னால். கடைசியில் அண்ணி தலையணையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். கூட்டம் முடிந்தது. வாளியை நானே தூக்கி வைத்தேன். சொட்டு அதில் விழவில்லை. ஆகவே தினமும் காலையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி வைக்கிறேன்.

இதழ் வந்தால் அண்ணிக்கு நான்தான் படித்துக்காட்டுவேன். கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது, வருடம் திரும்பட்டும் என்கிறார். மேலே உள்ள மூன்று பத்திகளை அப்போது படிக்க மாட்டேன். ராமசாமியும் வாய் விடக்கூடாது, இதையே அவருக்கு எச்சரிக்கையாக அச்சிடலாம். உங்கள் முகத்தில் கால் வைத்ததைக்கூட ஊர் மன்னித்துவிடும் போலிருக்கிறது. தலையணையை நனைத்ததை அண்ணி மன்னிப்பாரா? நீங்கள் மன்னிப்பீர்களா? சளி பிடித்துக்கொள்ளும் உங்களுக்கு, எனக்கும் தெரியும்.

இனி செய்யப்போவதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கடைசிக் காலத்தில் யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்று, ஓய்வு பெற்ற பணத்தில் இரண்டு லட்சத்தை எடுத்து வங்கியில் போடச் சொன்னது நீங்கள்தான். அதை உடைக்கிறேன். மேலே இருக்கிற கடைசிக் காலத்தை முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. சுப்பையாவுக்குச் சொல்லிவிட்டேன். வருடம் திரும்பிய மறுநாள் காலையில் கடப்பாறை இறங்கும், தட்டோடு ஏறும். நாள், நட்சத்திரம், ராகு காலம் எதையும் யாரிடமும் கேட்கப் போவதில்லை. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இந்த வீட்டில் இனி யாரையும் சொல்ல விடமாட்டேன். அண்ணியை அதுவரை, தேவைப்பட்டால் இன்னும் எத்தனை பொய்யானாலும் சொல்லி, அந்த அறைக்கு வெளியே வைத்திருப்பேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

ஆண்டு நினைவுக்கு இருபதுக்குப் பத்தடியில் பேனர் அடிப்பதாக ராமசாமி சொல்கிறார். துணியில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

நிலைப்படியிலிருந்து,
உங்கள் தங்கச்சி
வசந்தா

பி.கு.: இதைக் கொடுத்தனுப்பும் முன் சேர்ப்பது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குச் சற்று முன்னால் படுக்கையறைக் கூரையில், கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே, சுமார் மூன்றடிக்கு இரண்டடி காங்கிரீட் விழுந்தது. அண்ணி ஹாலில் படுத்திருந்தார். விளக்கு அணையவில்லை. நீல வாளி உடைந்துவிட்டது. குளத்தூரில் புதிது நூற்று எண்பது ரூபாய். நீலம் இல்லை, பச்சை வாங்கியிருக்கிறோம்.